முப்பத்தாறாம் இலக்கப் பல்

2022 மார்ச் மாதக் கடைசியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அந்த நாட்களில் கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைப் பார்த்துவிட்டு, என்ன உதவி செய்யலாம் என்று பாருங்கள் என்று தன் உயர்ஸ்தானிகருக்குப் பகிரங்கமாகவே எழுதினார். நாட்டில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. அந்தக் கிழமையில்தான் என் கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப் பல் உடைந்தது.

காஸ் இல்லாததால் வீட்டின் பின்பக்கம் மூன்று கல் வைத்து விறகில்தான் சமையல். மெழுகுதிரி வெளிச்சத்தில் அரிசி அரித்தால் கல் தப்பத்தான் செய்யும். மூன்றாவது வாயிலோ நாலாவது வாயிலோ, காதுக்குள்ளேயே யாரோ சுள்ளி முறித்த மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன். சிவப்புச் சம்பாப் பருக்கைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டும் மஞ்சள் வெள்ளையில் ஒரு துண்டும் கிடந்தன. சாம்பல் துண்டு, எண்பதுகளில் வைத்த பழைய பாதரச அடைப்பு. மஞ்சள் துண்டுதான் பல். பல்லின் நாக்குப் பக்கச் சுவர் முழுசாகப் பெயர்ந்து, ஈறுக்கும் கீழே போயிருந்தது. நாக்கு சும்மா இருக்குமா? போய்ப் போய்த் தடவியது. தடவத் தடவ விளிம்பு அறுத்தது. கண்ணாடியில் பார்த்தால் சின்னப் பொத்தல்தான். நாக்குக்கு அது பெரிய பள்ளம்.

கண்டியில் பல் வலி என்று வாய் திறந்தால் தலதா மாளிகைப் பகிடி ஒன்றைக் கேட்காமல் தப்ப முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்: "சேர், பல்லைக் கண்டியில வச்சுக் காப்பாத்துறது ஒண்ணும் புதுசில்லையே!" சிரித்துவிட்டு நானும் சரித்திர ஆசிரியனாகத்தான் பதில் சொன்னேன். 1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்குப் படையெடுத்தபோது புத்தரின் தந்தம் என்று சொல்லி ஒரு பல்லைக் கொண்டுபோனார்கள். பெகு நாட்டு அரசன் அதற்குப் பெருந்தொகை தருவதாகச் சொல்லியும், கோவாவின் பேராயர் அதை உரலில் இடித்துச் சுட்டு ஆற்றில் கரைத்தார். அது உண்மையான பல்லே இல்லை என்பது சிங்கள மரபு. உண்மையானது இடது வேட்டைப் பல், அது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்பார்கள். "எதை இடிக்கிறது, எதை வைத்திருக்கிறது என்று ஆள் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்" என்றேன். பேசும்போது காற்றுப் பட்டுச் சுளீர் என்றது.

எங்கள் குடும்பத்தில் பல்லுக்கு இந்தத் தீர்மானமெல்லாம் இருந்ததில்லை. நான் பிறந்து வளர்ந்தது புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். பல் வலித்தால் முதலில் கராம்பு, பிறகு உப்புத் தண்ணீர், பிறகு தோட்டத்து டிஸ்பென்சரி. அப்பாவைப் பெற்ற அப்பாயியோடு நான் ஒருமுறை கூடப் போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளித் திண்ணையில் ஒரு வாங்கு. உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது, அதற்குள் குறடு. டிஸ்பென்சர் ஐயா வாயைப் பார்க்குமுன்னே "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார். என்ன செய்யலாம் என்ற கேள்வி அங்கே இல்லை. எந்தப் பல் என்பது மட்டும்தான் கேள்வி. அப்பாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்து, துப்பிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். மத்தியானம் மலைக்குப் போய்விட்டார். அரைப் பேராவது, அதாவது அரை நாள் சம்பளமாவது, கிடைக்கட்டும் என்று.

அதனால்தான் அக்கா போனில் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: "புடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாரு தம்பி. நம்ம வம்சத்துல அறுபது வயசுக்கு மேல யாருக்குப் பல்லு இருந்துச்சு?"

அக்கா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. அது உலகப் பாடப்புத்தகங்களிலேயே இருக்கிறது. நோர்வேக்காரரான ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 1970இல் மலையகத்துக்கு வந்தார்கள். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹெரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பிரஷ் பிடித்துப் பழக்கமில்லாத, பல் வைத்தியரைக் காணாத மனிதர்கள். எந்தச் சிகிச்சையும் இல்லாமல் விட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்பதை அறிவதே நோக்கம். பதினைந்து வருடம் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். 1986இல் வெளிவந்த கட்டுரை இன்றுவரை உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது: நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 பேருக்கு மிதமாக, 11 பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவேயில்லை. பற்சொத்தை என்பது அந்த வாய்களில் அபூர்வம். 2010இல் மறுபடியும் தேடியபோது அந்த 480 பேரில் 75 பேரைத்தான் கண்டுபிடித்துப் பரிசோதிக்க முடிந்தது. நோர்வேயில் இருந்தாலென்ன, பிரேசிலில் இருந்தாலென்ன, ஈறு நோயைப் படிக்கும் எந்த மாணவனும் எங்கள் ஆட்களின் வாய் வழியாகத்தான் போகிறான். இதை முதலில் படித்தபோது பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஒன்று மட்டும் விளங்குகிறது. டிஸ்பென்சர் ஐயாவின் குறடுக்குப் பற்கள் அவ்வளவு சுலபமாக வந்தது ஏனென்றால், ஈறும் எலும்பும் ஏற்கெனவே கைவிட்டிருந்தன.

என் கதை வேறு. ஈறு பிடியாக இருந்தது, பல்தான் உடைந்திருந்தது.

கண்டி நகரத்துக்குள் தனியார் கிளினிக் ஒன்றுக்கு முதலில் போனேன். பெயர் வேண்டாம். ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்குள் எல்லோரையும் பார்த்து முடிக்கவேண்டிய அவசரம். எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை. "பல் ஈறுக்குக் கீழே உடைந்திருக்கிறது. கழற்றிவிட்டு இம்பிளான்ட் வைப்போம்" என்றார் டொக்டர். இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் டைட்டேனியத் திருகாணி ஒன்றைப் பதித்து அதன்மேல் பல் வைப்பது. டைட்டேனியம் எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும் என்று கண்டு, 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதை வைத்தவர் சுவீடனின் பிரனெமார்க். நல்ல கண்டுபிடிப்புத்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையைக் கேட்டேன். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் பென்ஷன் பல மாதத்துக்குப் போய்விடும். யோசித்துவிட்டுத் திரும்பப் போன் எடுத்தபோது விலை ஏறியிருந்தது. மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. திருகாணி கப்பலில்தானே வருகிறது. என் பல்லின் விலையை மத்திய வங்கி தீர்மானிக்கும் காலமும் வந்தது என்று மனைவி சொன்னாள்.

அந்த விலையேற்றத்துக்கு நான் நன்றி சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாவது ஆளைக் கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டாவது ஆள் கட்டுகலைப் பக்கம் சின்ன அறையில் இருக்கும் வயதான டொக்டர். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. கூர்விளிம்பை ராவிவிட்டு, பள்ளத்தில் வெள்ளைப் பசை ஒன்றை அடைத்தார். வாய் முழுக்கக் கராம்பு வாசம். "அது கராம்பு எண்ணெய்ச் சத்துத்தான், துத்தநாகப் பொடியோடு குழைத்தது" என்றார். கராம்பு விளைவது கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கங்களில்தான். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு மரம் நிற்கிறது. அப்பாயி பல்லில் அடக்கிய அதே சாமான் பசையாகித் திரும்பி வந்திருந்தது. வெறும் கராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைக்கிறவர்கள் கவனம், ஈறு வெந்துபோகும். "இது தற்காலிகம். பேராதனைக்குப் போங்கோ. அவசரப்பட்டு எவரிடமும் கழற்றக் குடுக்க வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

சித்திரைப் புதுவருடம் வரை வலி விட்டு விட்டு வந்தது. இரவில் படுத்தால் துடிக்கும்; எழுந்து உட்கார்ந்தால் தணியும். பிறகு ஒருநாள் சட்டென்று நின்றுவிட்டது. அக்காவுக்குச் சந்தோஷம். "பாத்தியா, தானா செரியாப் போச்சு." எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

பேராதனைக்கு பஸ் கிடைப்பது அதிர்ஷ்டமாக இருந்த காலம். ரயிலில் போய் சரசவி உயன தரிப்பிடத்தில் இறங்கி நடந்தேன். பல் மருத்துவப் படிப்பு இலங்கையில் 1943இல் கொழும்பில் தொடங்கியது. 1954இல் பேராதனை அவுகஸ்டா குன்றுக்கு வந்தது. இப்போதிருக்கும் பல் போதனா வைத்தியசாலைக் கட்டடம் ஜப்பானிய உதவியில் கட்டி 1998இல் திறந்தது. நீண்ட காலம் நாட்டில் பட்டம் பெற்ற பல் டொக்டர் என்றால் இந்தக் குன்றில் படித்தவர்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் இங்கேதான் முதல் பல்லைத் தொட்டிருப்பார்கள். காலையில் போய் நம்பர் எடுத்து வாங்கில் உட்காரவேண்டும். காசு இல்லை. ஆனால் நேரம் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் வாயை முதலில் பார்த்தது மட்டக்களப்பு மாணவி ஒருத்தி. "தர்ட்டி சிக்ஸ்" என்று எழுதிக்கொண்டாள். என்ன பிள்ளை என்று கேட்டேன். "பல்லுக்கு இலக்கம், சேர். கீழ் இடப்பக்கம் முதலாவது கடைவாய்ப் பல்லு. ஆறு வயசுல முளைக்கிறது. பால் பல்லு ஒண்டும் விழாம, எல்லாத்துக்கும் பின்னால சத்தமில்லாம வாறதால கனபேர் இதையும் பால் பல்லெண்டு நினைச்சு விட்டுருவாங்க. அதான் வாயில முதலாவதாக் கெடுறது." ஆறு வயதில் லயத்து வாசலில் நின்றபோது வந்த பல் அறுபத்துநாலு வயதில் உடைந்திருக்கிறது. குறை சொல்ல முடியாது.

பிறகு நடந்த பரிசோதனைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தனியார் கிளினிக்கில் ஒரு பார்வையோடு முடிந்த தீர்ப்பை அந்தப் பிள்ளை கேள்வி கேள்வியாக உடைத்தாள். குளிர் மருந்து தெளித்த பஞ்சைப் பல்லில் வைத்தாள். பக்கத்துப் பல்லில் வைத்தபோது கூசியது. உடைந்ததில் ஒன்றும் இல்லை. "வலி நிண்டது சுகமாகினதால இல்ல சேர். உள்ளுக்குள்ள நரம்பு செத்துப்போச்சு." அடுத்தது, ஒவ்வொரு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்துக் கடித்து விடச் சொன்னாள். கடிக்கும்போதல்ல, விடும்போது வெட்டி இழுத்தால் பல்லில் வெடிப்பு ஓடுகிறது என்று சந்தேகிக்கலாமாம். பிறகு மில்லிமீட்டர்க் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுச் சுற்றிவர அளந்தாள். இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று பக்கத்து மாணவன் எழுதினான். "எங்கயாவது ஒரே ஒரு இடத்தில மட்டும் சட்டெண்டு ஏழு, எட்டு எண்டு இறங்கினா வேர் பிளந்திருக்கு எண்டுதான் முதல்ல நினைப்பம். அப்பிடியெண்டா கழற்றத்தான் வேணும். உங்களுக்கு அப்பிடி இறங்கல்ல. மறுகா படம் எடுத்துப் பாப்பம்."

படத்தைப் பார்க்க வந்தவர் அவர்களுடைய மேற்பார்வை டொக்டர், சிங்களப் பெண்மணி. சிங்களத்தில் சொன்னதை எனக்கு யாரும் பெயர்க்கத் தேவையில்லை. கண்டியில் நாற்பது வருடம் இருந்தவனுக்கு அது தெரியாதா? அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்: ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிச்சம் இருக்கிறது? வேர் சிகிச்சை எத்தனை அழகாகச் செய்தாலும், மேலே போடும் கிரவுன் பிடித்துக்கொள்வது அடைப்பை அல்ல, மிச்சமிருக்கும் பல்லின் சுவரை. சுற்றிவர ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுகமான பல் இருந்தால் கிரவுன் அதை வளையமாக இறுக்கிப் பிடிக்கும். இல்லாவிட்டால் ஒன்றில் கிரவுன் கழன்று விழும், அல்லது வேர் பிளக்கும். எனக்கு உடனே விளங்கியது. உலக்கைக்குப் பூண் போடுகிறோமே, அதுதான். பூண் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் மரம் பிளந்துவிடும். மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஏறி உட்காரவேண்டும்.

என் பல்லில் கன்னப் பக்கமும் முன்னும் பின்னும் போதிய சுவர் இருந்தது. நாக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஈறையும் அதனடியில் எலும்பையும் கொஞ்சம் செதுக்கிக் கீழே இறக்கினால் உள்ளே மறைந்திருக்கும் பல் வெளியே வரும். சின்னச் சத்திரசிகிச்சை. ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கீழே போனால் அது இரண்டு வேராகப் பிரியும் கவட்டை வந்துவிடும். அந்தக் கவட்டை வெளியே தெரிந்துவிட்டால் சாப்பாடு போய் அடையும், துலக்க முடியாது, பிறகு ஈறு நோய் அந்த வழியாக வரும். படத்தில் பென்சில் முனையால் காட்டினார். கவட்டை ஆழத்தில்தான் இருந்தது. கொஞ்சம் செதுக்க இடமுண்டு. "இதற்கும் மேலே ஒரு மில்லிமீட்டர் உடைந்திருந்தால் நானே கழற்றச் சொல்லியிருப்பேன்" என்றார்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு வெட்டு ஆறாது, இம்பிளான்டும் நம்பிக்கையில்லை. மருந்து ஒழுங்காக எடுக்கிறவன் என்பதால் இரண்டு வழியும் திறந்திருந்தது.

கழற்றிவிட்டுச் சும்மா விட்டால் என்ன என்று அக்காவுக்காக ஒரு கேள்வி கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி என்று நினைத்தேன். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பல்லும் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லையாம். நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் கெய்சர் என்பவர் 1981இல் எழுதியது: பின்பக்கக் கடைவாய்ப் பற்கள் சில இல்லாமலே, முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் ஒழுங்காகச் சேர்ந்து கடித்தால் பலர் நன்றாகச் சாப்பிட்டுக் காலம் தள்ளலாம். இந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுத்த ஜப்பான் 1989இலிருந்து தன் மக்களிடம் கேட்பதும் 80 வயதில் 20 பல்தான், முப்பத்திரண்டு அல்ல. வெற்றிடம் விட்டால் பின்பல் முன்னுக்குச் சாயும், மேல்பல் கீழே இறங்கும். ஆனால் என் வயதில் அது மெதுவாகத்தான் நடக்கும். பாலம் கட்டலாம், அதற்கு இரண்டு பக்கத்திலும் உள்ள நல்ல பற்களை அரைக்கவேண்டும். என் பக்கத்துப் பற்கள் இரண்டும் ஒரு சொத்தையும் இல்லாதவை; அவற்றை அரைக்க எனக்கு மனம் வரவில்லை. கழற்றிப் போடும் கட்டுப்பல் மலிவு, நல்லது, ஆனால் ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்காக அதைப் போட்டவர்கள் அநேகமாக மேசை இலாச்சிக்குள்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மூன்று பேரும் அப்படித்தான்.

"உங்களுக்கு எத்தனை நாள் வர முடியும்?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. ஓய்வுபெற்றவனுக்கு நாளுக்கென்ன பஞ்சம்? காப்பாற்றுவோம் என்றேன்.

வேர் சிகிச்சையைச் செய்தவர் அங்கே மேற்படிப்புப் படிக்கும் இளம் டொக்டர். ஊசி போட்டு விறைத்தபின் பச்சை றப்பர் துணி ஒன்றில் துளை போட்டு அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே இழுத்துக் கவ்வியால் பிடித்துவிட்டார். மற்ற வாய் எல்லாம் திரைக்குப் பின்னால். துணி வெளுக்கும் குளோரின் வாசம் வந்தது. உண்மையில் அந்த மருந்தேதான், அளவாகக் கரைத்தது. கீழ் முதலாவது கடைவாய்ப் பல்லில் வேர் இரண்டு. குழாய்கள் மூன்று, சிலருக்கு நாலு. நாலாவதைத் தேடாமல் விட்டால் அதற்குள் இருக்கும் கிருமி வருடங்கள் கழித்துத் திரும்பி வரும். எனக்கு நாலு இருந்தது. தலைமயிர் அளவு கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுத் துருவ, வேர் நுனியை எட்டும்போது ஒரு மெஷின் கீச்சென்று கத்தும். நான் படுத்துக்கொண்டே அந்தச் சத்தத்தை எதிர்பார்க்கப் பழகினேன். கடைசியில் குழாய்களை நிரப்பியது கட்டாபெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சிகளால். மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பால் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டதும் இதைத்தான். தோட்டத்து மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு, மரப்பாலைப் பல்லுக்குள் வைக்கிறார்கள் என்பது ஏனோ மனத்துக்குத் தைரியமாக இருந்தது.

ஈறு வெட்டு அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. ஆறுவதற்குத்தான் கிழமைகள் போயின. மிச்சத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: உள்ளே அடைத்துக் கட்டினார்கள், அச்செடுத்தார்கள், கிரவுன் வந்தது. நடுவில் சாமான் இல்லை என்று திரும்பியதும் உண்டு, ரயில் இல்லை என்று போகாததும் உண்டு. எசல பெரகராக் காலத்தில் நகரத்து வீதிகள் மூடிக் கிடந்தன. கிரவுன் உலோகத்தில் போட்டது. கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? அதற்குத்தான் கொஞ்சம் காசு கட்டினேன். இதை எழுதும்போதும் அந்தப் பக்கத்தில்தான் முறுக்குக் கடிக்கிறேன். டொக்டர் கேட்டால் கோபிப்பார்.

இத்தனையும் சொன்னபிறகு தம்பி மகளின் பல்லைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதைதான் சொன்னவன் ஆவேன். அவள் இன்றும் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். அடுத்த வருடம் அவளுக்கும் அதே கடைவாய்ப் பல், ஆனால் வலப்பக்கத்தில், உடைந்தது. வீட்டுக்கு வந்தபோது டோர்ச் அடித்துப் பார்த்தேன். நான் டொக்டர் இல்லை; ஆனாலும் மூன்று மாதம் அந்த வாங்கில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும். ஈறுக்கு மேலே நாலு பக்கமும் நல்ல உயரத்துக்குச் சுவர் நின்றது. என்னுடையதைவிட எவ்வளவோ நல்ல பல். பேராதனைக்கு வா பிள்ளை, நான் கூட்டிக்கொண்டு போகிறேன், செலவு என் பொறுப்பு என்றேன்.

"காசு நீங்க குடுப்பீங்க பெரியப்பா. வெட்டுற பேர யாரு குடுப்பா? ஒரு நாளா ரெண்டு நாளா? கெழமையில ஒரு நாள் நான் மலைக்குப் போகாட்டி, மாசக் கடைசியில என்னாத்த எடுக்கிறது?"

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்கினார்கள். பெரிய போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது. கிடைத்த கையோடு விலைவாசி அதை விழுங்கியது. அந்த ஆயிரமும் மலைக்குப் போனால்தான், கிலோ நிறுத்துக் கொடுத்தால்தான் கிடைத்தது. புசல்லாவையிலிருந்து பேராதனைக்குப் போய் வர ஒரு பகல் முழுதும் வேண்டும். அவள் ஒரு காலையில் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழற்றிக்கொண்டு மத்தியானம் மலை ஏறிவிட்டாள். அரைப் பேர் கிடைத்தது. முப்பத்தொரு வயது.

அவளைக் கழற்றச் சொன்னது எந்த டொக்டருமல்ல. அவளுடைய பல்லில் நரம்பு சிகிச்சைகூட வேண்டியிருந்திருக்குமோ என்னவோ, வெறும் அடைப்போடு நின்றிருக்கலாம். என் பல்லுக்கு இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று நாலு பேர் கூடிப் பார்த்தார்கள். அவளுடையதை யாரும் அளக்கவில்லை.

தோட்டத்துக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அரசாங்கப் பல் கிளினிக்குகள் நடப்பதோ பெரும்பாலும் வேலை நாட்களில். மாதத்தில் ஒரு ஞாயிறு, தோட்டத்துப் பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ, நடமாடும் பல் கிளினிக் ஒன்று வந்து நிற்கவேண்டும் என்று சுகாதார அமைச்சையும் மலையகப் பிரதிநிதிகளையும் இந்தப் பத்தியின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வரும்போது கழற்றும் குறடை மட்டும் கொண்டுவராமல், அடைக்கும் சாமானையும் எக்ஸ்ரே மெஷினையும் ஏற்றிக்கொண்டு வரட்டும்.